விரிவுரையாளருக்கும் வழிகாட்டி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவிட்-19 பரவலால் 2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது அவசரமாக இணையத்துக்கு மாறிய பல்கலைக்கழகக் கற்பித்தல், வகுப்பறைகள் திறந்த பின்னும் இணையத்தைச் சார்ந்தே நடக்கிறது. ஆயினும் நான் அறிந்த விரிவுரையாளர்களுக்குக் கிடைக்கும் பயிற்சியோ, பருவத் தொடக்கத்தில் நடக்கும் அரைநாள் பட்டறையோடு முடிந்துவிடுகிறது.

2002 முதல் புழக்கத்தில் உள்ள மூடுல் போன்ற கற்றல் தளங்களில் வினா வங்கியும் தானியங்கி மதிப்பீடும் இருக்கின்றன. மூடுலின் கைப்பேசிச் செயலியில் பாடங்களைப் பதிவிறக்கிவைத்து, இணையம் இல்லாத இடத்திலும் படிக்கலாம். சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில், அலைவரிசை சரியாக எட்டாத வீடுகளிலிருந்து படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி வசதியே பெரிது. ஆனால், இரண்டு மணி நேர ஒளிப்பதிவை விரிவுரையாளர் அப்படியே ஏற்றிவிட்டால் அது பயனற்றுப் போகும். ஒளிப்பதிவைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒலிப்பதிவும் குறிப்பும் சேர்த்துத் தரும் முறையைச் சொல்லிக்கொடுக்க, அவருடைய துறையிலேயே ஒருவர் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றித் தரும் கணினிப் பிரிவு (அதுவும் வேண்டியதுதான்) இந்த வேலைக்கு ஏற்றதன்று.

ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு கற்பித்தல் தொழில்நுட்ப ஆலோசகரை நியமிக்கவும், இணையப் பாடம் தயாரிக்கும் நேரத்தை விரிவுரையாளரின் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்கவும் உயர்கல்வி அமைச்சு பல்கலைக்கழகங்களைப் பணிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாணவரின் பெற்றோர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.