ஆண்டறிக்கை 2024–25: சென்சாருக்கு வெயில் மறைப்பு

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். வீட்டிலேயே வானிலை அளக்கும் நம் சங்கத்தின் இந்த ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி, உறுப்பினர் வீடுகளில் உள்ள வெப்பநிலை சென்சார்களுக்கு வெயில் படாமல் செய்வதில்தான் போனது.

நாம் அளக்க வேண்டியது காற்றின் வெப்பத்தை. வெயில் பட்ட சென்சார் தன் சூட்டைத்தான் சொல்லும். வெப்ப அலை அறிவிக்க, வானிலை ஆய்வுத் துறை சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37 டிகிரி என்ற வரம்பிலிருந்து பார்க்கிறது. நம் கருவி 2 டிகிரி கூட்டிக் காட்டினால், இல்லாத வெப்ப அலையை ஊருக்குச் சொன்னவர்களாவோம். ஈரப்பதமும் கூடவே கெடும். 35 டிகிரியில் 60 சதவீதம் உள்ள காற்றை, 37 டிகிரிக்குச் சூடேறிய சென்சார் 54 சதவீதம் என்று காட்டும். சென்சாரின் துல்லியம் ±0.2 டிகிரி என்று அட்டையில் போட்டிருப்பது மறைப்பு சரியாக இருந்தால்தான் பயன்படும்.

சென்சாரைச் சுற்றி வெயில் மறைக்க, தட்டுகளை அடுக்கிச் செய்வது தட்டுக் கவசம். செயற்குழு ஒப்புக்கொண்ட அதன் அளவுகள் இவை. 7 அங்குல வெள்ளை பிளாஸ்டிக் பூந்தொட்டித் தட்டு 8. மேல் இரண்டும் அடித் தட்டும் முழுசாக இருக்கட்டும். அடித் தட்டில் மட்டும் நீர் வடிய சிறு துளைகள். நடு ஐந்தில் 70 மி.மீ. வட்டம் வெட்ட வேண்டும். தட்டுகளைக் கவிழ்த்து, 5 மி.மீ. துருப்பிடிக்காத திருகு கம்பி மூன்றில் கோத்து, இடையே 15 மி.மீ. நீளத்தில் நறுக்கிய பிவிசி குழாய்த் துண்டுகள் போட வேண்டும். விளிம்பின் ஆழம் 25 மி.மீ. இருந்தால் இந்த இடைவெளி சரி. இடைவெளி விளிம்பின் ஆழத்தை மிஞ்சினால், சாயங்கால வெயில் நேராக உள்ளே புகும். நடுத் தட்டுகளின் அடிப்பக்கத்துக்கு மட்டும் மேட் கறுப்பு அடிக்கிறோம். தரையில் பட்டு மேலே தெறிக்கும் ஒளி உள்ளே துள்ளாமல் அங்கேயே அடங்கும். சென்சார் எந்தத் தட்டையும் தொடாமல் நடுவில் தொங்க வேண்டும். சென்சாரின் அளவை வாங்கி அனுப்பும் இஎஸ்பி மின்னணு போர்டு தானே சூடாவதால் அதைக் கவசத்துக்குள் வைக்காதீர்கள். அரை மீட்டர் தள்ளித் தனிப் பெட்டியில் வையுங்கள்.

வீடுகளுக்குப் போய்ப் பார்த்ததில் திரும்பத் திரும்பக் கண்ட குறைகளையும் சொல்ல வேண்டும். பளபளப்பு வெயிலைத் திருப்பும் என்று அலுமினியத் தாள் சுற்றுகிறார்கள். அது வெயிலைத் திருப்புவது உண்மைதான், ஆனால் வாங்கிய கொஞ்சச் சூட்டையும் கதிராக வெளியே விடாது. வெள்ளைப் பெயிண்ட் விட்டுவிடும். 3டி பிரிண்டரில் அச்சடித்த பிஎல்ஏ பிளாஸ்டிக் கவசம் 60 டிகிரியை நெருங்கினாலே தளர்ந்து கோணும். வெயிலில் நிற்கும் பொருளுக்கு ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக்தான் பொருத்தம். பூச்சி வராமல் கொசுவலை சுற்றினால் காற்றும் வராது. குளவி மண்கூடு ஒன்று போதும், இரண்டு தட்டுகளுக்கு நடுவே காற்றோட்டம் நின்றுவிடும். மாதம் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. புல் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரம் என்பது உலக வானிலை அமைப்பின் அளவு. மொட்டை மாடிதான் கதி என்றால், கைப்பிடிச் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் ஏசி வெளி யூனிட்டையும் விட்டு விலகி, கம்பத்தில் 2 மீட்டருக்குக் குறையாமல் ஏற்றுங்கள். கான்கிரீட் இரவு வரை சூட்டைக் கக்கும்; அதைக் கவசம் தடுக்காது. ஸ்டீவன்சன் பெட்டி (வெப்பமானி வைக்கும், பக்கங்களில் காற்றுப் பலகை அடித்த வெள்ளைப் பெட்டி) வைத்திருப்பவர்கள் கதவை வடக்கு பார்த்து வைப்பது மரபு. ஆனால் சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் விழுகிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் கதவைத் திறந்து வைத்து அளவைப் படிக்காதீர்கள்.

மறைப்பு சரியா என்று பார்க்க நிழல் சோதனை போதும். காற்று அடங்கிய பகலில், கவசத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அட்டை ஒன்றைப் பிடித்து அதன் மீது நிழல் விழச் செய்யுங்கள். 15 நிமிடத்தில் அளவு அரை டிகிரிக்கு மேல் இறங்கினால் கவசம் சரியில்லை. அதே நேரத்தில் கடற்காற்று புகுந்தாலும் வெப்பம் இறங்கும். அப்போது காற்றின் திசை மாறி, காற்றில் உள்ள நீராவியின் அளவும் ஏறும். அந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் மறுநாள் செய்யுங்கள்.

காற்றே இல்லாத வெயிலில் எந்தத் தட்டுக் கவசமும் ஓரளவு கூட்டியே காட்டும். அதற்காக 80 மி.மீ. 12 வோல்ட் விசிறி வைத்த மாதிரி ஒன்றைச் செய்து வருகிறோம். விசிறி காற்றை ஊதாமல் உறிஞ்ச வேண்டும், சென்சாரைத் தாண்டிய பக்கத்தில் இருக்க வேண்டும்; இல்லையேல் மோட்டார் சூடும் சேர்ந்து வரும். அதன் அளவுகளை அடுத்த கூட்டத்தில் தருகிறோம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு ஒரு தீர்மானம்: நிழல் சோதனையில் தேறி, தேதியுடன் பதிவேட்டில் எழுதப்பட்ட நிலையங்களின் அதிகபட்ச வெப்பநிலை மட்டுமே நம் மாதப் பட்டியலில் இடம்பெறும். பழைய பதிவுகள் அழிக்கப்பட மாட்டா. தனிக் குறியீட்டுடன் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்