பாதம் தொடும் தொழிலைக் கற்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். லண்டனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கணக்குப் பிரிவு வேலையிலிருந்து விலகி, பாதத்தை அழுத்திச் செய்யும் ரிஃப்ளெக்ஸாலஜி படித்து அதையே தொழிலாகக் கொள்ள விரும்புவதாகவும், அதற்காக வார இறுதி வகுப்பு, இணையவழிப் படிப்பு, கல்லூரிப் படிப்பு என மூன்று பயிற்சிகளைப் பார்த்து வைத்திருப்பதாகவும், எதில் சேர்வது என்று நான் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். செவிலியர் பள்ளியில் பாடம் எடுத்தே காலத்தைக் கழித்தவள் நான். ஒரு பயிற்சி மாணவியின் கைக்கு எதைக் கற்றுத் தருகிறது, எதைத் தராமல் சான்றிதழை மட்டும் நீட்டுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அந்தக் கண்ணோடுதான் நீ அனுப்பிய பாடத்திட்டங்களை வாசித்தேன்.

முதலில் இந்தச் சிகிச்சையைப் பற்றி நான் நினைப்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. உள்ளங்காலின் ஒவ்வொரு பகுதியும் உடலின் ஓர் உறுப்போடு தொடர்புடையது என்று காட்டும் வரைபடத்தை நீ அனுப்பியிருந்தாய். வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் உடலை நெடுக்குவாட்டில் பத்து மண்டலங்களாகப் பிரித்து 1917இல் நூலாக்கினார். அதன்பின் யூனிஸ் இங்காம் என்ற பெண்மணி 1930களில் அதைப் பாதத்துக்கே உரிய முறையாக வளர்த்தார். அவரிடம் கற்ற டோரீன் பேய்லி 1960களில் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். உடற்கூறு சொல்லிக் கொடுத்தவள் என்ற முறையில், குதிகாலுக்கு முன்னால் அழுத்தினால் சிறுகுடலுக்குச் செய்தி போகும் என்பதற்கான நரம்புப் பாதை எதையும் நான் கண்டதில்லை. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2009இல் 18 ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பலனளிக்கும் சிகிச்சை என்பது நம்பும்படி நிறுவப்படவில்லை என்று எழுதினார். ஆஸ்திரேலிய அரசு 2015இல் வெளியான தன் மதிப்பாய்வுக்குப் பிறகு, 2019 ஏப்ரல் முதல் தனியார் மருத்துவக் காப்பீட்டில் ரிஃப்ளெக்ஸாலஜிக்கு இருந்த இடத்தையே நீக்கிவிட்டது.

இவற்றைச் சொல்வது உன்னைத் தடுப்பதற்காக இல்லை. களைத்துப்போன ஒருவர் ஒரு மணி நேரம் சாய்ந்து படுத்திருக்க, அவருடைய பாதத்தை அறிந்த கை ஒன்று நிதானமாகப் பிடித்துவிட்டால் உடல் தளரும், மனம் அடங்கும், அன்றிரவு தூக்கம் வரும். இதை வார்டில் கண்ணாரக் கண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் இல்லங்களிலும் மருத்துவத்துக்குத் துணையாக இதைச் செய்கிறார்கள். புற்றுநோயைக் குணப்படுத்துவதற்காக அங்கே யாரும் இதைச் செய்வதில்லை, நோயாளியின் அந்த ஒரு மணி நேரத்தை இலகுவாக்கவே செய்கிறார்கள். அது மதிப்புள்ள வேலை. அதை அந்த அளவில் வைத்துச் சொல்லித் தரும் ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே நீ படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம். பாடத்திட்டத்தில் "சிறுநீரகத்தைச் சுத்திகரித்தல்", "ஹார்மோனைச் சீராக்குதல்" என்று எழுதியிருக்கும் இடம் எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் எனக்கு ஒப்பவில்லை. நீ அனுப்பிய மூன்றில் இரண்டாவதில் அப்படி ஒரு பக்கமே இருக்கிறது.

அடுத்து, அந்த நாட்டின் நிலைமை. பிரிட்டனில் இந்தத் தொழிலுக்குச் சட்டப்படியான கட்டுப்பாடு இல்லை. மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோருக்கு உள்ளதைப் போலப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற விதியும் இல்லை. ஒரு நாள்கூடப் படிக்காத ஒருவர் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டாலும் அது குற்றமாகாது. தடையில்லாத இடத்தில்தான் மோசமான பயிற்சிகள் பெருகும் என்பதால், படிக்க வருபவரே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு உதவியாக இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று, 1984இல் தொடங்கிய ரிஃப்ளெக்ஸாலஜிஸ்டுகள் சங்கம். மற்றொன்று, அரசின் ஆதரவோடு 2008இல் ஏற்படுத்தப்பட்ட சி.என்.எச்.சி. என்னும் துணைநிலை, இயற்கை நலப் பராமரிப்பு மன்றம். இதன் பதிவேடு விருப்பத்தின் பேரில் சேர்வதுதான் என்றாலும், குறிப்பிட்ட தரத்தில் பயிற்சி முடித்தவர்களையும் தொழில் காப்பீடு வைத்திருப்பவர்களையும் மட்டுமே சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே எந்தப் பயிற்சி நிலையத்திடமும் நீ கேட்க வேண்டிய முதற்கேள்வி, "இதை முடித்தால் நான் சி.என்.எச்.சி. பதிவேட்டில் சேர முடியுமா?" என்பதுதான். பதிலை வாய்மொழியாக வாங்காதே, எழுத்தில் வாங்கு. பிறகு அந்த மன்றத்துக்கே நேரடியாக எழுதிச் சரிபார்த்துக்கொள்.

"அங்கீகாரம் பெற்றது" என்ற சொல்லைக் கண்டு மயங்கிவிடாதே. இரண்டாவது பயிற்சியின் விளம்பரத்தில் வரிசையாக முத்திரைகள் இருக்கின்றன. தனியார் நிறுவனம் ஒன்று கட்டணம் வாங்கிக்கொண்டு இன்னொரு தனியார் நிறுவனத்தின் பாடத்துக்குத் தரும் முத்திரை வேறு. இங்கிலாந்தில் தேர்வுத் தகுதிகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவல் அமைப்பின் பதிவேட்டில் இடம்பெற்ற தகுதி வேறு. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்றாவதாக நீ குறிப்பிட்ட கல்லூரிப் படிப்பு அதில் மூன்றாம் நிலை டிப்ளமோவாக இருந்தால், அங்கே பள்ளி இறுதியில் எழுதும் ஏ லெவல் தேர்வுக்கு நிகரான நிலை அது.

முதலாவதாக நீ எழுதிய இரண்டு நாள் வார இறுதி வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. வீட்டில் மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் கால் பிடித்துவிட அது போதும். காசு வாங்கிக்கொண்டு அறிமுகமில்லாதவர் காலைத் தொடப் போதாது. இணையவழிப் படிப்பை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாரந்தோறும் கல்லூரிக்குப் போய் வருவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். எலும்புகளின் பெயர், இரத்த ஓட்டம், நரம்பு மண்டலம், தோல் நோய்கள் ஆகியவற்றை வீட்டிலிருந்து திரையில் படிப்பதில் தவறே இல்லை. ஆனால் உன் கட்டைவிரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதைத் திரைக்கு அப்பால் இருக்கும் எவராலும் அறிய முடியாது. ஆசிரியர் தன் பாதத்தையே நீட்டி உன்னைப் பிடிக்கச் சொல்லி, "இங்கே அதிகம், இங்கே போதவில்லை" என்று சொல்ல வேண்டும். செய்முறையை முழுக்க ஒளிப்பதிவில் முடித்துவிடும் படிப்பை நீ எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

ஆக, கல்லூரிப் படிப்புதான் என் மனத்தில் முன்னால் நிற்கிறது. அதிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர், அவர் இன்னும் தொழில் செய்கிறாரா, ஆசிரியர் நேரில் இருக்கும் நேரம் மொத்தம் எவ்வளவு என்று கேள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேஸ் எழுதும் முறையைப் பற்றிக் கேள். நல்ல டிப்ளமோக்களில் மாணவர் வெவ்வேறு ஆட்களுக்குப் பல பத்து முறை, சிலவற்றில் நூறு முறை வரைகூட, சிகிச்சை செய்து ஒவ்வொன்றையும் எழுதி ஒப்படைக்க வேண்டும். ஒரே ஆளுக்குத் தொடர்ந்து சில வாரங்கள் செய்து, என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று எழுத வேண்டும். செவிலியர் பயிற்சியிலும் இதே முறைதான். மாணவி எழுதிய கேஸ் புத்தகத்தைத் திறந்தாலே, அவள் நோயாளியைப் பார்த்தாளா, புத்தகத்தைப் பார்த்து நிரப்பினாளா என்று தெரிந்துவிடும். எல்லாப் பக்கத்திலும் "நல்ல முன்னேற்றம்" என்றே இருந்தால் அவள் பார்க்கவில்லை. எனவே நீ சேர நினைக்கும் இடத்தில், பழைய மாணவர் ஒருவருடைய கேஸ் குறிப்பைப் பெயரை மறைத்துவிட்டுக் காட்டச் சொல். ஆசிரியர் ஓரத்தில் என்ன திருத்தியிருக்கிறார் என்று பார். வெறும் டிக் அடித்திருந்தால் அந்த இடம் வேண்டாம்.

இப்போது பாதத்தைப் பற்றி. இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. வேலூரில் நர்சிங் படித்தவர்களுக்கு உணர்ச்சியற்ற பாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1946இல் அங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் சிதைவது நோய்க்கிருமி தின்றுவிடுவதால் இல்லை, வலி தெரியாததால் அவர்கள் அறியாமலே பாதத்தைக் காயப்படுத்திக்கொள்வதால்தான் என்று எடுத்துக்காட்டினார். தொழுநோய் மருத்துவமனை இருக்கும் கரிகிரியில், மெத்தென்ற ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொண்டு நடந்தவர்களை நீயும் சிறு வயதில் பார்த்திருக்கிறாய். இன்று அதே ஆபத்து சர்க்கரை நோயாளிகளுக்கு. லண்டனில் உன்னிடம் வரப்போகும் நம் ஆட்களில் சர்க்கரை உள்ளவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்; தெற்காசியர்களுக்கு அது அதிகம் வருவது உனக்கே தெரியும். "கால் மதமதப்பாக இருக்கிறது, கொஞ்சம் பிடித்துவிட்டால் தேவலை" என்றுதான் அவர்கள் வருவார்கள். அந்தப் பாதத்தில் நீ அளவு மீறி அழுத்தினாலும் அவருக்கு வலிக்காது; வலிக்கவில்லை என்பதை நீ நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்வாய்.

நான் மாணவிகளுக்குக் கற்றுக் கொடுத்த முறை இது. சாக்ஸைக் கழற்றியதும் முதலில் கையை வைக்காமல் பார்க்க வேண்டும். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிச் சேற்றுப்புண் உண்டா, குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாகப் போயிருக்கிறதா, ஆணிக்கால் இருக்கும் இடத்தின் அடியில் கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு புறங்கையை வைத்துக் கெண்டைக்காலிலிருந்து விரல்கள் வரை வெப்பம் எப்படி மாறுகிறது என்று உணர வேண்டும். இரண்டு கால்களில் ஒன்று மட்டும் சூடாகவும் வீங்கியும் இருந்தால், கெண்டைக்காலைத் தொட்டாலே வலிக்கிறது என்று அவர் சொன்னால், அன்று சிகிச்சை கிடையாது. உள்சிரையில் இரத்தக் கட்டி இருக்கக்கூடும், அவரை அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். புறங்காலில் நாடியைத் தேடும் முறையையும், 10 கிராம் அழுத்தம் தரும் மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கும் முறையையும் எந்தப் பயிற்சி சொல்லித் தருகிறது என்று கேட்டுப் பார். நோயைக் கண்டுபிடிப்பது உன் வேலை ஆகாது. எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்று அறிவது உன் வேலை. காய்ச்சல், ஆறாத புண், எலும்பு முறிவு, கருவுற்ற முதல் மாதங்கள் என எந்தெந்த நிலையில் செய்யக்கூடாது அல்லது மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்ற பகுதிக்கு எத்தனை வகுப்புகள் ஒதுக்குகிறார்கள் என்பதை வைத்தே ஒரு பயிற்சி நிலையத்தின் யோக்கியதையை நான் தீர்மானிப்பேன்.

உன் கையைப் பற்றியும் கவலைப்படுகிறேன். இந்த முறையில் கட்டைவிரல் கணுவை மடக்கி நிமிர்த்திக் கம்பளிப்பூச்சி போல உள்ளங்காலில் ஊர்ந்து போக வேண்டும். அதைத்தான் நாள் முழுவதும் செய்ய வேண்டியிருக்கும். கட்டைவிரலின் அடி மூட்டு தேய்ந்து இத்தொழிலை விட்டவர்கள் உண்டு. உட்காரும் இருக்கையின் உயரம், மணிக்கட்டின் நிலை, இரு கைகளையும் மாற்றிப் பயன்படுத்துவது, ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்ற வரம்பு ஆகியவற்றைச் சொல்லித் தராத ஆசிரியர், மாணவரின் எதிர்காலத்தைப் பற்றி நினைக்காதவர். தையல் வேலை செய்தாலே உனக்கு மணிக்கட்டு வலிக்கும் என்பதால், சேருவதற்கு முன் அந்தக் கையை ஒரு மருத்துவரிடம் காட்டிவிடு.

சட்டத்தைப் பற்றியும் பயிற்சியில் சொல்லித் தர வேண்டும். புற்றுநோய்க்குச் சிகிச்சை தருவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1939ஆம் ஆண்டுச் சட்டமே அங்கே தடை செய்திருக்கிறது. மற்ற நோய்களைத் தீர்ப்பதாக ஆதாரமில்லாமல் எழுதினாலும் விளம்பரத் தர ஆணையம் கேள்வி கேட்கும். மன இறுக்கம் தளரும், நன்றாக ஓய்வெடுத்த உணர்வு வரும் என்ற அளவில் எழுதலாம். நீ லண்டனில் இருப்பதால், 1991ஆம் ஆண்டு லண்டன் உள்ளாட்சிச் சட்டத்தின்படி இத்தகைய சிகிச்சை அளிக்கும் இடத்துக்கு உரிமம் தேவைப்படலாம். சில தொழில் சங்கங்களின் உறுப்பினர்களுக்கு விலக்கு உண்டு. வீட்டின் முன்னறையை இதற்கு ஒதுக்கும் முன் உங்கள் பகுதி உள்ளாட்சி மன்றத்தில் கேட்டுவிடுங்கள்.

வேலையை இப்போதே விட்டுவிடாதே. கல்லூரிப் படிப்பு பகுதிநேரமானதால், வேலை நாட்களைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பார். கேஸ் எழுதும் காலத்தில் கட்டணம் வாங்க முடியாது அல்லது மிகச் சிறிதே வாங்க முடியும். தேர்ச்சி பெற்ற பிறகும் வாடிக்கையாளர்கள் சேரக் காலம் பிடிக்கும். கட்டணத்தில் தேர்வுக் கட்டணம், புத்தகம், காப்பீடு ஆகியவை அடங்குமா, தனியா என்று பிரித்துக் கேட்டு வாங்கு. இடையில் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் வகுப்பு தவறினால் ஈடு செய்ய வழி உண்டா என்பதையும் கேள்.

முன்பணம் எதுவும் இப்போது கட்ட வேண்டாம். அந்தக் கல்லூரியில் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேள், பெரும்பாலும் தருவார்கள். போகும்போது, "சர்க்கரை நோயுள்ள, கால் மரத்துப்போன ஒருவர் வந்தால் என்ன செய்யச் சொல்லித் தருகிறீர்கள்?" என்று அந்த ஆசிரியரிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்பு. பாடத்திட்டத்தின் முழுப் பிரதியும் வேண்டும். நீ அனுப்பியதில் மதிப்பீட்டுப் பகுதி விடுபட்டிருக்கிறது. அவை வந்ததும் படித்துவிட்டு உடனே எழுதுகிறேன். எனக்குத் திருப்தியாக இருந்தால் கட்டணத்தில் பாதியை நான் தருகிறேன். அப்பாவிடமும் பேசிவிட்டேன், அவருக்கும் சம்மதம்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு.

அன்புடன்,
அம்மா