கரி கப் மட்டும்தான் டொமஸ்டிக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெஸ்ட் ஆடாமலே ரிட்டயர் ஆன தென்னாப்பிரிக்க ஃபாஸ்ட் பவுலர்கள் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன். வின்ஸ் வான் டெர் பைல் பத்தி எழுதினதுல எனக்கு சண்டை இல்ல. ஆறரை அடி தாண்டின மனுஷன், எங்க ஊர் நேட்டாலுக்கு ஆடினவர், ஃபர்ஸ்ட் கிளாஸ்ல 767 விக்கெட், ஆவரேஜ் (ஒரு விக்கெட்டுக்கு குடுத்த ரன், கம்மியா இருந்தா நல்லது) 16.54, 1980ல இங்கிலாந்து கவுண்டி டீம் மிடில்செக்ஸுக்கு போய் ஒரே சீசன்ல 85 விக்கெட் எடுத்தார். 1971-72 ஆஸ்திரேலியா டூருக்கு செலக்ட் ஆகியும், நம்ம நாட்டு நிறவெறி ஆட்சிக்கு வந்த எதிர்ப்புல டூரே கேன்சல் ஆகிப்போச்சு. பாவம்தான். ஆனா உள்ளூர் கிரிக்கெட்லயே துரதிர்ஷ்டம் புடிச்ச பவுலர் அவர்தான்னு முடிச்சிட்டீங்க பாருங்க, அத என்னால ஒத்துக்க முடியல.

நான் இருக்கிறது டர்பன் சாட்ஸ்வர்த்ல. எங்க தெருவுல உள்ள தாத்தாங்க பலபேர் மேகசின் பாரக்ஸ்ங்கற இந்தியத் தொழிலாளர் குடியிருப்புல பொறந்து, 60கள்ல நிறத்துக்கு ஒரு ஏரியான்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்தால குடும்பத்தோட இங்க தூக்கிப்போடப்பட்டவங்க. அந்த பாரக்ஸ்லருந்து கிங்ஸ்மீட் கிரவுண்ட் நடக்கிற தூரம்தான், ஆனா நேட்டால் டீம்ல நம்ம ஆளுங்களுக்கு இடமே கிடையாது, வேடிக்கை பாக்க போனாலும் தனியா ஒரு மூலைலதான் உக்காரணும். அவங்களுக்கு கிரிக்கெட்னா கரீஸ் ஃபவுண்டன் கிரவுண்டுதான். வெள்ளைக்காரங்க கரி கப்ங்கற மாகாண போட்டி ஆடின அதே காலத்துல, இந்தப் பக்கம் வெள்ளைக்காரங்க இல்லாதவங்களுக்கு ஹோவா பவுல்னு தனி போட்டி நடந்துச்சு, ஒரு நாட்டுக்கு ரெண்டு டொமஸ்டிக்! உங்க கட்டுரைல ஒண்ணுதான் இருக்கு.

அந்த இன்னொரு டொமஸ்டிக்ல வந்தவர்தான் வெஸ்டர்ன் ப்ராவின்ஸ் டீமோட ஃபாஸ்ட் பவுலர் வின்சென்ட் பார்ன்ஸ். 300க்கு மேல விக்கெட், ஆவரேஜ் 12க்கும் கீழ. ஆமா சார், பன்னெண்டுக்கும் கீழ. உடனே பிட்ச் மோசம் அதான்னு யாராவது சொல்வாங்க, மோசம்தான், நான் இல்லைங்கல, பந்து ஒண்ணு தலைக்கு ஏறும் அடுத்தது காலுக்கடில உருளும்னு தாத்தாங்களே சொல்றாங்க, ஆனா நல்ல கிரவுண்டு ரோலரு எல்லாத்தையும் ஒரு நிறத்துக்காரங்களுக்கே குடுத்துட்டு மத்தவங்க பிட்ச்ச குறை சொன்னா எப்படி? சம்பளமும் கிடையாது, வாரம் பூரா வேலைக்கு போயிட்டு வந்து பவுலிங் போட்டவங்க. அந்த மேட்ச்களுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் அந்தஸ்து வந்ததே பல வருஷம் கழிச்சு.

1991ல இந்த ரெண்டு டொமஸ்டிக்கையும் தனித்தனியா நடத்தின ரெண்டு கிரிக்கெட் போர்டும் ஒண்ணாச்சு. அப்ப பார்ன்ஸுக்கு 30 தாண்டிருச்சு, ஃபாஸ்ட் பவுலருக்கு முதுகும் முட்டியும் பேச ஆரம்பிக்கிற வயசு. அப்புறம் நேஷனல் டீமுக்கே பவுலிங் கோச் ஆனார், டேல் ஸ்டெயின், மோர்னே மோர்க்கல் எல்லாம் டெஸ்ட்ல கால் வெச்சது அவர் கோச்சா இருந்த காலத்துலதான். தனக்கு கிடைக்காத டெஸ்ட்டுக்கு அடுத்தவங்கள ரெடி பண்ற வேலை!

வான் டெர் பைலுக்கு டெஸ்ட் மட்டும்தான் போச்சு. கிங்ஸ்மீட் இருந்துச்சு, பேப்பர்ல பேர் வந்துச்சு, லண்டனுக்கு போக வழியும் இருந்துச்சு. பார்ன்ஸுக்கும் அவர்கூட ஆடினவங்களுக்கும் சொந்த நாட்டு கிரவுண்டே கிடைக்கல. ரெண்டு பேரையும் ஒரே தராசுல வெக்கக்கூடாது, அதுல ஒருத்தர வெக்காமலே விட்டது இன்னும் தப்பு.

அடுத்த இதழ்ல அந்த கட்டுரையோட விக்கெட் பட்டியல திருப்பி போடறதா இருந்தா ஹோவா பவுல் பவுலர்களையும் சேருங்க, இல்லாட்டி தலைப்புல "உள்ளூர் கிரிக்கெட்"ங்கறத எடுத்துட்டு "கரி கப்"னு போட்டுடுங்க.

இப்படிக்கு,
டர்பன் வாசகர்