சமவெளி டெண்டரை மலைக்குக் கொண்டுவராதீர்கள்

உதகை, குன்னூர் நகராட்சிகளின் தலைவர்களுக்கும் ஆணையர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நகராட்சி வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றுவது பற்றி இப்போது எல்லா ஊர்களிலும் பேச்சு. நம் மலைக்கும் அது சீக்கிரம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் நான். பைக்காராவில் 1932-லேயே தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்த மாவட்டம் இது. அந்த ஆசையோடுதான் கேட்கிறேன்: சமவெளி ஊருக்கு எழுதிய டெண்டர் நிபந்தனைகளில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இங்கே போட்டுவிடாதீர்கள்.

முதலில் குப்பை வண்டிகளை மாற்றுங்கள். தினமும் அதே தெருக்கள், குறைந்த தூரம், வேலை முடிந்ததும் ஷெட்டிலேயே சார்ஜ். எவ்வளவு பேட்டரி வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கணக்கை நம் தெருவில் போட வேண்டும். ஒரு டன் எடையை 100 மீட்டர் உயரம் ஏற்ற, துளி இழப்பு இல்லாவிட்டாலும் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் செலவாகும். தட்டையான சாலையில் ஓடும் செலவு இதில் சேராது. கம்பெனி விளம்பரத்தில் சொல்லும் கிலோமீட்டர் இங்கே கிடைக்காது.

அதனால் டெண்டரில் இதை எழுதுங்கள்: முழுச் சுமையோடு, ஊரிலேயே செங்குத்தான வார்டில், மழை நாளில், ஏற்றத்தின் நடுவே நிறுத்தி மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும். ஓட்டிப் பார்ப்பவர் கம்பெனி ஆளாக இருக்கக் கூடாது, தினமும் அந்த வண்டியை ஓட்டப்போகும் நம் டிரைவராக இருக்க வேண்டும். பின்னால் ஏறி இறங்கும் தூய்மைப் பணியாளர்களையும் கேளுங்கள். அவர்கள் சரி என்ற பிறகு வாங்கினால் போதும்.

இறக்கம் நமக்குச் சாதகம். மின் வண்டி இறங்கும்போது மோட்டாரே பிரேக் போல இழுத்துப் பிடித்து, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது, பிரேக் கட்டைதான் தேயும். உச்சி வார்டில் காலை வேலையைத் தொடங்கும் வண்டிக்கு இரவில் முழுசாக சார்ஜ் ஏற்றாமல் விடுவது நல்லது. டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு சார்ஜ் போடும் இடம் மூடிய ஷெட்டாக இருக்கட்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரியில் வேகமாக சார்ஜ் ஏற்றினால் அது கெடும்.

பணம் இல்லை என்பீர்கள். நியாயம்தான். மொத்த விலை கொடுத்து வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. சென்னையில் 2025 ஜூனில் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளை வைத்து ஓட்டும் தனியார் நிறுவனத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில்தான் பணம். மத்திய அரசின் சிஇஎஸ்எல் நிறுவனம் அரசு அலுவலகங்களுக்கு மின் வண்டிகளைக் குத்தகைக்குத் தருகிறது. எந்த வழியில் போனாலும் ஒரு நிபந்தனையை விடாதீர்கள்: மெக்கானிக்கும் உதிரி பாகமும் மலையிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு பழுதுக்கும் வண்டி கோவைக்கு இறங்கினால் வாரக்கணக்கில் குப்பை தேங்கும்.

அப்புறம், சுற்றுலா வண்டிகள். ஒன்றரை டன் கார் ஒன்று மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏற, அந்த உயரத்துக்கு மட்டுமே சுமார் 6 யூனிட் கூடுதலாகச் செலவாகும். மேலே வந்து சேர்ந்ததும் சார்ஜ் தேடுவார்கள். 2024 மே 7 முதல், மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் எடுக்க வேண்டிய இ-பாஸில் வண்டி எண் பதிவாகிறது. அதை வைத்து எத்தனை மின் வண்டிகள் வருகின்றன என்று மாவட்ட நிர்வாகத்திடம் கணக்குக் கேளுங்கள், பிறகு சார்ஜர் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். உதகை சேரிங் கிராஸ், குன்னூர் பெட்போர்டு நெரிசலுக்குள் வைக்க வேண்டாம். ஊருக்கு வெளியே நகராட்சி வாகன நிறுத்தங்களில் வையுங்கள். நிலத்தை விற்க வேண்டியதில்லை. மத்திய மின் அமைச்சகத்தின் 2022 வழிகாட்டு நெறிமுறைகள், அரசு நிலத்தை யூனிட்டுக்கு 1 ரூபாய் வருவாய்ப் பங்குக்குத் தர வழி சொல்லியிருந்தன.

டெண்டர் வரைவைத் தமிழில், ஒப்பந்தம் முடிவாகும் முன்பே நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். டிரைவர்களும் நாங்களும் படித்துக் கருத்துச் சொல்ல ஒரு மாதம் கொடுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்தில் இதற்கு ஒரு தீர்மானம் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குன்னூர்வாசி ஒருத்தி