ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்துக்கு: உதிரும் பாறையையும் கணக்கில் எடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஆந்திரக் கடலோரத்தின் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் இனித் தோண்டும் ஒவ்வொரு கிணற்றிலும் பாறையின் தகைவை (மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் பாறையை நெருக்கும் அழுத்தத்தை) அளந்து பதிவு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

துளையிடும்போது கிணற்றுக்குள் நிரப்பும் கனமான சேற்றின் எடையில்தான் கிணற்றின் உயிர் இருக்கிறது. எடை குறைந்தால் சுவர் இடிந்து விழும், வாயுவும் மேலேறி வரும். கூடினால் பாறை பிளந்து சேற்றைக் குடித்துவிடும். துளை விழுந்ததும் நிலத்தின் தகைவு அதன் விளிம்பில் குவிகிறது. 1898-இலேயே கிர்ஷ் என்ற ஜெர்மன் பொறியாளர் இதற்குச் சமன்பாடு எழுதிவிட்டார். அதில் இட வேண்டிய எண்களைப் பக்கத்துக் கிணற்றிலிருந்து கடன் வாங்கினால் போதாது. ராகவபுரம் களிப்பாறை போல உயர் அழுத்தம் அடைபட்ட அடுக்குகளில் இது ஆபத்தான கடன்.

ரிக்கின் (துளையிடும் மேடையின்) சல்லடையில் சேற்றோடு வந்து விழும் பாறைத் துண்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரிலிருந்து உதிர்ந்த துண்டின் வடிவமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். கோணல் மாணலாகக் கூர்முனைகளோடு இருந்தால், தகைவைத் தாங்காமல் சுவர் நொறுங்கியிருக்கிறது. நீண்டு மெலிந்த சிம்பாக இருந்தால், பாறைக்குள் அடைபட்ட அழுத்தம் சேற்றை மிஞ்சுகிறது. இவ்விரண்டுக்கும் எடையைக் கூட்டலாம். இருபுறமும் தட்டையாக, இணையாக இருந்தால் முன்பே இருந்த பிளவுகள் வழியே பெயர்ந்தது. அங்கே எடையைக் கூட்டினால் சேறு பிளவுக்குள் புகுந்து இன்னும் பெயர்க்கும், கடைசியில் துளையிடும் குழாய் சிக்கும். இந்தத் துண்டுகளைப் படமெடுத்து, ஆழத்தோடு குறித்து வைப்பதற்கு ஒரு செலவும் இல்லை. அப்படியே கொட்டிவிடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேசிங் எனும் காப்புக் குழாயை இறக்கிய ஒவ்வொரு முறையும் அதன் அடியில் சில மீட்டர் தோண்டி, பாறை எந்த அழுத்தத்தில் திறக்கிறது, எதில் மூடிக்கொள்கிறது என்று சோதிக்க வேண்டும். மூடும் அழுத்தமே மிகக் குறைந்த தகைவின் அளவு. கருவியை இறக்கி எடுக்கும் சுவரின் பிம்பப் பதிவும் தேவை: செங்குத்துக் கிணற்றில் சுவர் நொறுங்கும் பக்கம்தான் குறைந்த கிடைத்தகைவின் (பக்கவாட்டு அழுத்தத்தின்) திசை. ரிக் வாடகையில் சில மணி நேரம் போகும் என்று நிறுவனங்கள் சொல்லலாம். சிக்கிய குழாயை மீட்க நாள்கணக்கில் போவதையும் அவர்களே அறிவார்கள்.

இதே படுகையில், தென்னந்தோப்புகள் சூழ்ந்த கோணசீமையில், 1995 ஜனவரியில் பாசர்லபூடிக் கிணறு வெடித்து 65 நாள் எரிந்தது. அழுத்தம் கைமீறினால் என்ன ஆகும் என்பதை அந்த மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எண்ணெய், எரிவாயு தேட நிறுவனங்களுக்கு அனுமதி தரும் அடுத்த உரிமச் சுற்றின் ஆவணத்திலேயே இந்த நிபந்தனையைச் சேர்த்து, தரவுகளைப் பல்கலைக்கழகங்களுக்கும் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பாறை இயக்கவியல் ஆசிரியர் ஒருவர்