தனுஷ்கோடியை யார் வரைவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பிரிட்டிஷ் அறிவியல் புனைகதை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே பேரழிவுக் கதைகள் பெருகியதற்கு அணுகுண்டு பயம்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஓவியத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, அதுதான் எனக்குக் குறை.

பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜே.ஜி. பல்லார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930இல் ஷாங்காயில் பிறந்தவர், சிறுவயதில் ஜப்பானியர் முகாமில் குடும்பத்தோடு அடைபட்டவர். 1962இல் வந்த அவருடைய 'தி டிரவுண்ட் வேர்ல்ட்' நாவலில் வெயில் ஏறி, துருவப் பனி உருகி, லண்டனே தண்ணீருக்குள் கிடக்கிறது. அங்கே மூழ்காமல் மிச்சமிருக்கும் ஒரு மாடி வீட்டின் சுவரில் பெல்ஜிய ஓவியர் தெல்வோவின் படம், கோட்டு போட்ட எலும்புக்கூடுகள் பெண்களோடு ஆடுகின்றன. இன்னொரு சுவரில் மாக்ஸ் எர்ன்ஸ்ட் வரைந்த காடு. ஜன்னலுக்கு வெளியே வளர்ந்துகொண்டிருப்பதும் அதே காடுதான். அழிவை எப்படிப் பார்ப்பது என்று பல்லார்டுக்கு இந்த ஓவியர்கள்தான் காட்டிக்கொடுத்தார்கள் என்பது என் கருத்து.

அந்த நாவல் வந்து இரண்டே வருடத்தில், 1964 டிசம்பர் 22 இரவு, எங்கள் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலோடு சேர்த்து. அம்மா அப்போது சின்னப் பிள்ளை. "விடிஞ்சு பார்த்தா மணலும் தண்ணியும் ஒரே நிறமா இருந்துச்சு, கடல் எந்தப் பக்கம்னே தெரியல" என்று இன்றைக்கும் சொல்வார்.

எர்ன்ஸ்ட் ஈரச் சாயத்தின் மேல் கண்ணாடியையோ தாளையோ அழுத்தி எடுத்துவிடுவார், பஞ்சு போல, பவளம் போல ஓட்டை ஓட்டையாக ஒரு தடம் விழும். 1940 முதல் 1942 வரை வரைந்த 'மழைக்குப் பின் ஐரோப்பா' முழுக்க அதுதான். தனுஷ்கோடி தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பவளக்கல்லில் கட்டியது, பூச்சு உதிர்ந்து, தேன்கூடு மாதிரி கண்கள் திறந்து கிடக்கின்றன, ஒவ்வொரு கண்ணிலும் மணல். அந்தப் படம் இங்கே கல்லாகவே நிற்கிறது, நாம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு சங்கு மாலை வாங்கிக்கொண்டு போகிறோம்.

அன்று பிள்ளைகளாக இருந்தவர்களில் சிலர் இன்னும் தங்கச்சிமடத்திலும் ராமேஸ்வரத்திலும் இருக்கிறார்கள். நம் ஓவியர்களை அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல வரையச் செய்து, வரும் டிசம்பரில் ஒரு ஞாயிறு இணைப்பு முழுவதையும் அந்தப் படங்களுக்கே ஒதுக்குங்கள். கதை அப்புறம் வரட்டும். முதல் ஆளாக அம்மாவை நான் கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தங்கச்சிமடம்