சோள மூட்டையை நிறுத்தினால் தோட்டா வாங்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அதை வெறும் சிக்கன நடவடிக்கையாகவே பேசியிருந்தது. ராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற என்னால் இதை ஏற்க முடியவில்லை.

2015-ல் தெற்கு சூடானின் மலக்கால் நகரில், ஐ.நா. அமைதிப்படையின் இந்திய மருத்துவமனையில் இருந்தேன். எங்கள் வேலிக்கு அப்பால், சண்டைக்குத் தப்பி வந்த பல்லாயிரம் பேர் தார்ப்பாய்க் கூடாரங்களில் கிடந்தார்கள். வெள்ளைச் சோளம், உடைத்த மஞ்சள் பட்டாணி, எண்ணெய் டின். இவைதான் அவர்கள் உயிர். மூட்டை மேல் இரு கைகள் குலுக்கும் சின்னமும் ‘அமெரிக்க மக்கள் வழங்குவது’ என்ற வரியும் இருக்கும். பங்கீடு தள்ளிப்போன வாரங்களில் ஈட்டிக் காயம், வெட்டுக் காயத்தோடு எங்களிடம் தூக்கி வரப்படுகிறவர்கள் கூடுவார்கள். வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் பதினாறு வயதுப் பையன் துப்பாக்கிக் கும்பலோடு போய்விடுவான்; அங்கே சாப்பாடாவது கிடைக்கும். காவல் கோபுரத்தில் நிற்கும் சிப்பாய்க்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

2025 ஜனவரியில் டிரம்ப் உதவிகளை நிறுத்திவைத்தார். சிரியாவின் அல்-ஹோல் முகாமில் ஐ.எஸ். இயக்கத்தினரின் குடும்பங்கள் உட்பட ஏறத்தாழ 40,000 பேர் அடைபட்டிருந்தார்கள். அமெரிக்கப் பணத்தில் அந்த முகாமை நடத்திய அமைப்புக்கும் வேலையை நிறுத்தும்படி உத்தரவு போய், ஊழியர்கள் வராமல் போனார்கள். ஆபத்து புரிந்து சில நாட்களில் விலக்கு கொடுத்தார்கள், அதுவும் இரண்டு வாரத்துக்கு! ஐ.எஸ்.ஸை ஒடுக்க எத்தனை உயிர்கள் போயின என்பது அந்த உத்தரவில் கையெழுத்திட்டவர்களுக்குத் தெரியாதா?

அமெரிக்க பட்ஜெட்டில் வெளிநாட்டு உதவியின் பங்கு சுமார் 1 சதவீதம்தான். அதற்காக, கென்னடி காலத்தில் 1961-ல் தொடங்கி, இந்த உதவிகளை வழங்கிவந்த யுஎஸ்எய்டு நிறுவனத்தையே கலைத்துவிட்டார்கள். பிரிட்டனோ பாதுகாப்புச் செலவைக் கூட்டுவதற்காக, தேசிய வருமானத்தில் உதவிக்குத் தரும் 0.5 சதவீதத்தை 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போகிறது. ஒரு பாதுகாப்பை எடுத்து இன்னொரு பாதுகாப்புக்குத் தருவதாகத்தான் இதை நான் பார்க்கிறேன். மத்திய கிழக்கில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் ஜேம்ஸ் மேட்டிஸ் 2013-லேயே அமெரிக்க செனட் உறுப்பினர்களிடம் சொன்னார்: வெளியுறவுத் துறைக்கு முழு நிதி தராவிட்டால், நான் கூடுதலாகத் தோட்டா வாங்க வேண்டியிருக்கும் என்று.

நம் நாட்டிலும் பட்ஜெட் வரும்போதெல்லாம், பூட்டானுக்கு எதற்கு இவ்வளவு என்ற முணுமுணுப்பு எழுகிறது. 2025-26-ல் ஒதுக்கியது 2,150 கோடி ரூபாய். 2017-ல், பூட்டானும் சீனாவும் உரிமை கொண்டாடும் டோக்லாம் மலைப்பகுதியில் நம் ஜவான்கள் 73 நாள் சீனப் படைக்கு எதிரே நின்றார்கள். பூட்டான் நம் பக்கம் இருந்தது. வடகிழக்கு மாநிலங்களை நாட்டோடு இணைக்கும் குறுகிய நிலப்பகுதியான சிலிகுரி வழித்தடம் அங்கிருந்து வெகு தூரமில்லை. அந்த உதவியில் கைவைக்கச் சொல்கிறவர்கள், பூட்டான் நம்மை விட்டு விலகினால் அந்த மலையில் கூடுதலாக எத்தனை பட்டாலியன் நிறுத்த வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்ற கணக்கையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

- முன்னாள் ராணுவ வீரர், வேலூர் மாவட்டம்